போட்டோவில் நின்ற இரண்டாவது பிள்ளை

"ரெண்டு பிள்ளையளையும் யோசிச்சுப் பாருங்கோ. அப்பா எங்கயெண்டு கேட்டு அழுவினம்தானே?" என்று போனில் அந்த ஆள் சொன்னான்.

என் தம்பிக்கு ஒரே பிள்ளை.

போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தோம். தம்பி மனைவி அழுதுகொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்குமே அந்த வார்த்தை காதில் ஏறவில்லை. பணம் போய், இரவு முழுக்க விழித்திருந்து, மறுநாள் விடியும்போதுதான் எனக்கு அது உறைத்தது.

தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். தம்பி ராமேஸ்வரத்தில் விசைப்படகில் கூலிக்குப் போகிறான். இதில் யார் பெயரையும் எழுதவில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் படகுகள் இறங்கிய பிறகு நடந்தது. புதன்கிழமை டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். வியாழன் காலை ஆறு மணிக்கெல்லாம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்துவிட்டது: நெடுந்தீவுப் பக்கம் இலங்கை நேவி பிடித்துவிட்டான், இன்ன நம்பர் படகு, இத்தனை பேர். கொஞ்ச நேரத்தில் பட்டியலும் வந்தது. பெயர், வயது, அப்பா பெயர், ஊர் எல்லாம் அதில் இருந்தது. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. யார் வீட்டுக்கு எப்போது வரும் என்பதுதான் தெரியாது.

அன்று காலை நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். தம்பி படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். கோயில் திருவிழாவில் எடுத்தது, தம்பி, அவன் மனைவி, அவர்களுக்கு முன்னால் பையன். "என் தம்பிக்காக ஜெபியுங்கள். அம்மாவுக்கு இப்பத்தான் நெஞ்சுவலி வந்து மதுரையில் பார்த்துட்டு வந்தோம், இதைத் தாங்கமாட்டாங்க" என்று எழுதினேன். அதையே ஃபேஸ்புக்கிலும் போட்டேன், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி. பையனை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரையும் எழுதினேன். குரூப்பில் யாரோ "விவரம் அனுப்புங்க, மேலிடத்துக்குச் சொல்றோம்" என்று கேட்டார்கள். தம்பியின் ஆதாரை முன்னும் பின்னும் படம் எடுத்து, தம்பி மனைவியின் போன் நம்பரோடு மூன்று குரூப்பில் போட்டேன். எல்லாமே பதற்றத்தில் செய்தது. பிரியத்தில் செய்தது என்றும் சொல்லலாம்.

சாயங்காலம் நாலு மணிக்குத் தம்பி மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. கறுப்புக் கோட்டு போட்ட படம் வைத்திருந்தான். யாழ்ப்பாணத்துப் பேச்சு. தான் வக்கீல் என்றான். உங்கள் வீட்டுக்காரர் மன்னார் கோர்ட்டில் இருக்கிறார், நாளை காலை அபராதம் கட்டினால் விட்டுவிடுவார்கள், கட்டாவிட்டால் ஆறு மாதம் உள்ளே என்றான். தம்பியின் முழுப் பெயரையும் அப்பா பெயரையும் சொன்னான். ஆதாரின் கடைசி நாலு எண்ணைச் சொன்னான். பையனின் செல்லப் பெயரைச் சொன்னான். "மாமியாருக்கு இதய வருத்தமாம், அவர் கவலைப்படுறார்" என்றான். அம்மாவின் நெஞ்சுவலியைத் தம்பி சொல்லாமல் வேறு யார் சொல்லியிருக்க முடியும்? அப்படித்தான் நினைத்தோம்.

அங்குள்ள நீதிமன்றங்கள் சில நேரம் அபராதம் விதிப்பதும் உண்மை. அதனால் அவன் சொன்ன பொய்யும் மெய் மாதிரியே இருந்தது. நாற்பதாயிரம் கேட்டான். மகளிர் குழுவில் 12,000 வாங்கினோம், தம்பி மனைவி தோட்டை அடகு வைத்து 10,000 புரட்டினாள். புரட்ட முடிந்த அந்த 22,000ஐ இரண்டு தடவையாக யுபிஐயில் அனுப்பினோம். இரவு எட்டு மணிக்கு மேல் அந்த நம்பர் கிடைக்கவில்லை.

விடியும்போது 'ரெண்டு பிள்ளையள்' ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து போனை எடுத்து நான் போட்ட படத்தைத் திறந்து பார்த்தேன். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் முன்னால் இரண்டு பையன்கள் நின்றார்கள். ஒருவன் எங்கள் பிள்ளை. இன்னொருவன் பக்கத்து வீட்டுப் பையன், திருவிழாவுக்கு ஒரே நிறத்தில் சட்டை எடுத்ததால் ஓடிவந்து கூடவே நின்றுகொண்டவன். நான் படத்தைப் போடும்போது அந்தப் பையன் என் கண்ணுக்கே படவில்லை. போனில் பேசியவன் கண்ணுக்கு அந்தப் பையன் கண்டிப்பாகப் பட்டிருக்கிறான்.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவன் சரியாகச் சொன்னது அத்தனையும் நான் போட்டது. நான் போடாத இடத்திலெல்லாம் அவன் தவறியிருந்தான். பிடிபட்ட இடத்தை நான் எழுதவில்லை. அவன் மன்னார் கோர்ட் என்றான். நெடுந்தீவுப் பக்கம் பிடித்தால் வழக்கமாக ஊர்காவற்றுறை நீதிமன்றம், யாழ்ப்பாணம் சிறை. மன்னார்ப் பக்கம் பிடித்தால்தான் மன்னார் நீதிமன்றம், வவுனியா சிறை. இது எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். அந்த நேரத்தில் யோசிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தம்பி ஐந்து வாரம் கழித்து வந்தான். கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னைக்கு, அங்கிருந்து மீன்வளத் துறை ஏற்பாடு செய்த வண்டியில் ஊருக்கு. அந்த ஆளை அவன் கண்ணால் பார்த்ததில்லை.

1930க்கு நான் போன் செய்தது மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. இணையப் பண மோசடிக்கென்றே உள்ள அரசு எண் அது. பணம் அதற்குள் வேறு வேறு கணக்குக்குப் போய்விட்டது, திரும்பி வரவில்லை. முந்தின நாள் இரவே செய்திருந்தால் முடக்கியிருக்க வாய்ப்பிருந்தது என்றார்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஏமாந்தது தெரிந்த நிமிடமே 1930. அழுவதும் திட்டுவதும் அதற்கப்புறம். பணம் போன ரசீதில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், அவன் நம்பர், பேசிய நேரம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். தம்பி மனைவி அழித்துவிட்டாள், புகார் எழுதும்போது திண்டாடிப்போனோம். cybercrime.gov.in தளத்தை 'சைபர் கிரைம்' என்று தேடிப் பிடிக்காமல், முகவரியை நேரே அடித்துப் போங்கள். அதிலும் புகார் பதியலாம்.

நாங்கள் மாற்றிக்கொண்டதில் முதலாவது, வீட்டுக்கு ஒரு அடையாள வார்த்தை. நான், அம்மா, தம்பி, அவன் மனைவி, என் மகள், ஐந்து பேருக்கு மட்டும் தெரியும். யார் சார்பாக யார் பேசினாலும், "அவன்கிட்ட அந்த வார்த்தையைக் கேட்டுச் சொல்லுங்க" என்போம். ஊர், சாமி, பிள்ளை பெயர் எதுவும் அதில் வராது. எந்தப் படத்திலும் பதிவிலும் வராத வார்த்தையாகப் பார்த்து வைத்தோம். இன்னொன்று, பணம் என்று பேச்சு வந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு நமக்கு முன்பே தெரிந்த நம்பருக்கு நாமே கூப்பிடுவது. எங்களுக்கு அது மீனவர் சங்கத் தலைவர், மீன்வளத் துறை அலுவலகம். பிடிபட்டவர்களைப் போய்ப் பார்ப்பது யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்து ஆட்கள். செய்தி அந்த வழியாகத்தான் வரும். வாட்ஸ்அப்பில் முன்பின் தெரியாத ஒரு வக்கீல் வழியாக வராது.

இரண்டாவது ஆதார். இதை என் தொழிலில் நின்று சொல்கிறேன். பாம்பன் பக்கம் ஒரு டீக்கடையில் வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாளில் எண்ணெய்க்கு நடுவே ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. விரித்துப் பார்த்தால் குடும்ப அட்டை நகல். நாலு பேர் பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, கீழே பேனாவில் போன் நம்பர். ஏதோ ஒரு கடையில் சாய்ந்து விழுந்து வீணான பிரதி பழைய பேப்பரோடு போயிருக்கும். என் கடையிலிருந்தும் அப்படிப் போயிருக்கலாம் என்று நினைத்தபோது வடை இறங்கவில்லை. அன்றிலிருந்து வீணான பிரதிகளை நாலாகக் கிழித்து நானே எரிக்கிறேன்.

கேட்கிற இடத்திலெல்லாம் முழு ஆதாரைக் கொடுக்க வேண்டியதில்லை. முதல் எட்டு எண்ணை மறைத்து கடைசி நாலு மட்டும் காட்டும் ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆதாரோடு இணைத்த போனுக்கு ஓடிபி வரும். தனுஷ்கோடி பார்க்க வருகிறவர்கள் லாட்ஜில் கொடுப்பதற்கு அது தாராளமாகப் போதும். தாளில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எழுத்து மறையாமல் குறுக்கே ஒரு கோடு போட்டு "இன்ன வேலைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். ஆதாரில் உள்ள கைரேகையையும் ஆதார் மொபைல் செயலியில் பூட்டி வைக்கலாம். பாசி எடுக்கப் போகிற அக்காமார் பலருக்கு நான் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். ரேஷன் கடையில் ரேகை வைக்கும் நாளில் திறந்துகொள்ள வேண்டும், அந்த ஒரு தொல்லை உண்டு. குரூப்பில் மட்டும் ஆதாரைப் போடவே போடாதீர்கள். உதவி செய்கிறவர் நிஜமாக இருந்தால் தனியாக வாங்கிக்கொள்வார்.

செட்டிங்ஸ் விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பத்து நிமிட வேலைதான். வாட்ஸ்அப்பில் பிரைவசிக்குள் போய் புரொஃபைல் படம், கடைசியாக வந்த நேரம் இரண்டையும் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். குரூப்பில் யார் வேண்டுமானாலும் நம்மைச் சேர்க்கும் வழியையும் அங்கேயே அடைக்கலாம். டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று ஆறு இலக்க எண் ஒன்று உண்டு, அதைக் கட்டாயம் போடுங்கள். ஃபேஸ்புக்கில் பழைய பொதுப் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கலாம், நண்பர் பட்டியலை மறைக்கலாம், புரொஃபைலையே பூட்டலாம். இன்ஸ்டாகிராமில் பிரைவேட் அக்கவுண்ட்.

ஸ்டேட்டஸ்தான் நாம் நினைக்கிற மாதிரி இல்லை. "என் போனில் உள்ளவங்க மட்டும்தானே பார்க்கிறாங்க" என்பார்கள். என் போனில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் தம்பி, கருவாட்டு வியாபாரி, டோனர் சப்ளை பண்ணுகிறவர், ஒரே ஒருமுறை டாக்ஸி பிடித்துக் கொடுத்ததற்காக நம்பர் வாங்கிய சுற்றுலாக்காரர். அறுநூற்றுச் சொச்சத்தில் சொந்தம் என்று நாற்பது பேர்கூட இல்லை. இப்போது ஸ்டேட்டஸை அந்த நாற்பது பேருக்கு மட்டும் என்று வைத்திருக்கிறேன்.

கீழக்கரையில் எனக்கு ஒரு தோழி. வீட்டுக்காரர் சபுராளி, வளைகுடாவில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்து போகும்போது மதுரை ஏர்போர்ட் வாசலில் கண்ணீரோடு ஒரு படம், "மறுபடி எப்ப பார்ப்பேனோ" என்று ஸ்டேட்டஸ். அவள் மனசு எனக்குப் புரியும். ஆனால் அந்தப் படம், இன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு இந்த வீட்டில் ஆம்பிளை இல்லை என்று ஊருக்குச் சொல்கிறது. இப்போது அவர் போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்துத்தான் படம் வைக்கிறாள். கல்யாண நகைப் படமும் அப்படித்தான், நகை லாக்கருக்குத் திரும்பிய பிறகு. போட வேண்டாம் என்று யாருக்கும் நான் சொல்வதில்லை. ஆறவிட்டுப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பிள்ளைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன், பட்டவள் என்பதால்.

என் மகள் வயசுக்கு வந்தபோது அவளுக்கு 13 வயது. மண்டபம் பிடித்து, தாய்மாமன் சீர் வைத்து, நன்றாகத்தான் செய்தோம். ஸ்டூடியோக்காரர் பாட்டுப் போட்டு ஒரு வீடியோ பண்ணிக் கொடுத்தார், நான் ஃபேஸ்புக்கில் ஏற்றினேன். அவரும் தன் கடை விளம்பரத்துக்காகத் தன் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார், கேட்கவில்லை. நாலைந்து வருடம் ஓடிப்போனது. மகள் மதுரையில் கல்லூரியில் சேர்ந்து முதல் மாதம், கூடப் படிக்கிற பையன்கள் அந்த வீடியோவைத் தேடி எடுத்து வகுப்பு குரூப்பில் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கியவள் சாப்பிடவே இல்லை. இரவு விளக்கை அணைத்த பிறகு இருட்டில் கேட்டாள்: "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. 13 வயதுப் பிள்ளையிடம் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவளுடைய உடம்பில் நடந்த ஒன்றை நான் ஊருக்கு அறிவித்திருக்கிறேன். சடங்கு நம் வழக்கம், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. மண்டபத்துக்கு வந்தவர்கள் கையில் தட்டோடு வந்த சொந்தக்காரர்கள், சாப்பிட்டு வாழ்த்திவிட்டுப் போய்விட்டார்கள். வீடியோ போகவில்லை.

மறுநாளே என் பதிவை அழித்தேன். ஸ்டூடியோவுக்கு நேரில் போனேன். சண்டை போடவில்லை, "அண்ணே, பிள்ளை அழுவுது" என்றேன். மனுஷன் என் கண் முன்னாலேயே எடுத்துவிட்டார். இப்போது யார் விசேஷத்துக்கு ஸ்டூடியோ பேசினாலும், முன்பணம் கொடுக்கும்போதே "எங்க படத்தை வெளியில போடக்கூடாது" என்று பில்லில் எழுதி வாங்கச் சொல்கிறேன். ஒரு வரிதான், யாரும் மறுத்ததில்லை. வகுப்பு குரூப் விஷயத்தை மகளே கல்லூரியில் சொல்லிச் சரி செய்துகொண்டாள். படத்தை அசிங்கமாக மாற்றி மிரட்டுகிற அளவுக்குப் போனால் தயங்காமல் போலீஸ்தான். 18 வயதுக்குக் கீழே என்றால் 1098, குழந்தைகளுக்கான உதவி எண், அதற்கும் சொல்லலாம்.

யூனிஃபார்மோடு, பேட்ஜோடு பள்ளி வாசலில் எடுத்த படத்தையும் நாங்கள் இப்போது போடுவதில்லை. பிள்ளை எந்தப் பள்ளி, எத்தனை மணிக்கு வாசலில் நிற்கும் என்பதை முன்பின் தெரியாதவனுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொல்லிவிட்டது. 2023இல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. 18 வயதுக்குக் கீழானவர்களின் தகவலை நிறுவனங்கள் கையாள வேண்டுமானால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படித்துப் பார்த்தபோது திக்கென்றது. ஒருவர் தன்னைப் பற்றித் தானே பொதுவில் போட்ட தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வீட்டுக்காரர்கள் சொந்தக் காரியத்துக்காகக் கையாளுகிற தகவலும் அதில் வராது. என் மகளுக்கு நான் செய்ததைக் கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. நான்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது சொந்தக்காரர்கள். நம் பக்கம் படத்தைப் போடாவிட்டால் மதிக்கவில்லை என்று அர்த்தம். போட்டதை எடுக்கச் சொன்னால் அதைவிடப் பெரிய குற்றம். மூன்று வருடமாக நான் கண்டுபிடித்த வழி இதுதான்: குரூப்பில் சொல்லக்கூடாது, தனியாக, போனில், குரலில் சொல்ல வேண்டும். "சித்தப்பா, படம் ரொம்ப நல்லா வந்திருக்கு. எனக்கு அனுப்பி வைங்க, பிரிண்ட் போட்டு மாட்டிக்கிறேன். பொதுவுல மட்டும் வேண்டாம், எங்களுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும்ல" என்பேன். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். என் கடையில் பிரிண்ட் போட்டு அவர் வீட்டுக்கும் ஒன்று கொடுத்தனுப்புவேன். நெருங்கின சொந்தத்துக்கு என்று தனியாக ஒரு சின்ன குரூப்பும் வைத்திருக்கிறோம், வெளியில் அனுப்பக்கூடாது என்ற ஒப்பந்தத்தோடு. பக்கத்து வீட்டு அம்மாவிடமும் போய், அவர் பையன் படத்தை கேட்காமல் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கு என்ன மதினி" என்று சிரித்தார். இருந்தாலும் கேட்டது எனக்கு நிம்மதி.

படகு பிடிபட்டால் பட்டியல் வெளியே வரத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஊருக்குத் தெரிந்தால்தான் போராட முடியும். அதனால் இப்போது எந்த வீட்டுக்குச் செய்தி வந்தாலும் நான் முதலில் போய் உட்கார்ந்து சொல்வது ஒன்றுதான்: பெயரும் படகு நம்பரும் போதும், அம்மாவின் நோயும் பிள்ளையின் பெயரும் வீட்டுப் பெண்ணின் போன் நம்பரும் வெளியே போக வேண்டாம், பணம் கேட்டு இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஒருவன் கூப்பிடலாம். போன மழைக்காலத்தில் ஒரு வீட்டில் அப்படியே கூப்பிட்டான். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் கட் பண்ணினாள்.

விண்ணப்பம் போட வருகிறவர்கள் ஆதாரையும் பாஸ்புக்கையும் கடை போனுக்குத்தான் அனுப்புகிறார்கள். முன்பெல்லாம் அது அப்படியே மாதக்கணக்கில் போனில் கிடக்கும். இப்போது வேலை முடிந்ததும் அவர்கள் பார்க்கவே அழிக்கிறேன். அழித்த படம் பல போன்களில் குப்பைக்கூடையில் 30 நாள் கிடக்கும், அதையும் காலி செய்கிறேன். போன வாரம் அக்காள்மடத்திலிருந்து ஒரு பாட்டி வந்தது, எழுதப் படிக்கத் தெரியாது. நான் அழித்துக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போகாமல் அப்படியே நின்றது. "என்ன பாட்டி?" என்றேன்.

"அந்தக் கூடையில ஒண்ணு கிடக்கும்னு சொல்லுவியே தாயி, அதையும் கொட்டு. பார்த்துட்டுப் போறேன்" என்றது.